நாலு ஸ்டார் இல்லைன்னா தூக்கிப் போடணுமா? போக்கிமான் கோ ஐவி: கேள்வி பதில்

ஐவி பத்தி சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு சொன்னதும் கேள்விகள் வந்து குவிஞ்சிருக்கு. ஒரே மாதிரி வந்ததை ஒண்ணாச் சேர்த்துட்டேன். இங்க பேசுறது போக்கிமான் கோங்கிற மொபைல் விளையாட்டைப் பத்தி, அதுலயும் முக்கியமா ஆளோட ஆள் மோதுற பேட்டில் லீக் பத்தி.

புதுப் பயிற்சியாளன்: அக்கா, முதல்ல ஐவின்னா என்னன்னு ரெண்டு வரியில சொல்லிடுங்க. என் ஃப்ரெண்டு நாலு ஸ்டார் இல்லாததை எல்லாம் புரொஃபசருக்கு அனுப்பிடுறான்.

ஒரே இனத்துல பிடிச்ச ரெண்டு போக்கிமான் ஒரே மாதிரி இருக்காது. இனத்துக்குன்னு ஒரு அடிப்படை அட்டாக், டிஃபென்ஸ், எச்பி (உயிர்ப்புள்ளி) இருக்கும். அதுக்கு மேல ஒவ்வொண்ணுலயும் 0 முதல் 15 வரை ஏதோ ஒரு எண் தனித்தனியாச் சேரும். அதுதான் ஐவி. மொத்தம் 4096 கலவை. அப்ரெய்சல்ல (போக்கிமானை மதிப்பிட்டுக் காட்டுற திரையில) தெரியுற மூணு பட்டையும் இதுதான். கூட்டுத்தொகை 37-ல் இருந்து 44 வரைன்னா மூணு ஸ்டார், முழுசா 45-ன்னா நாலு ஸ்டார்.

உங்க ஃப்ரெண்டுகிட்ட அவசரப்பட வேண்டாம்னு சொல்லுங்க. புரொஃபசருக்கு அனுப்பினது திரும்பி வராது, அவர் அனுப்பினதுல கிரேட் லீக்குக்கு (பலத்துக்கு வரம்பு உள்ள லீக்) அருமையான சில உருப்படிகள் போயிருக்கும். காரணம் கீழே வருது.

சோம்பேறி ஸ்நார்லாக்ஸ்: சுத்தி வளைக்காம சொல்லுங்க. ஜீரோவுக்கும் ஹண்ட்ரடுக்கும் எவ்வளவு வித்தியாசம்?

மியூட்டூவை எடுத்துக்குவோம். அடிப்படை 300 / 182 / 214. எல்லாமே 15 இருந்தா 315 / 197 / 229. அட்டாக்ல 5 சதவீதம், டிஃபென்ஸ்ல 8, எச்பில 7. அதாவது 100 அடிக்கிற மூவ் (தாக்குதல்) 105 அடிக்கும், அவ்வளவுதான். லெவல் 40-ல் சிபி (மொத்தப் பலத்தைக் காட்டுற எண்) 3697-க்கும் 4178-க்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தா பெருசாத் தெரியும். மூணு வித்தியாசத்தையும் பெருக்கிக் காட்டுறதால வர்ற தோற்றம் அது.

இதோட வகைப் பொருத்தத்தை (நெருப்பு, நீர் மாதிரி மூவோட வகை எதிரியோட வகைகிட்ட எவ்வளவு பலிக்கும்ங்கிறதை) ஒப்பிட்டுப் பாருங்க. சரியான வகையில அடிச்சா 1.6 மடங்கு. தப்பான வகையில அடிச்சா 0.625, ரெண்டு வகையும் தடுத்தா 0.39. 5 சதவீதம் எங்க, 60 சதவீதம் எங்க?

நள்ளிரவு ஹேச்சர்: என்கிட்ட ஹண்டோ (மூணு ஐவியும் 15) ஒண்ணு லெவல் 40-ல் இருக்கு. அதே இனத்துல மட்டமான ஐவி உள்ள ஒண்ணை 50 வரை ஏத்தியிருக்கேன். எது பலசாலி?

கிட்டத்தட்ட சமம். நம்ப முடியலைன்னா மியூட்டூவுக்கே கணக்குப் போட்டுப் பாருங்க. அடிப்படையும் ஐவியும் சேர்ந்த எண்ணை லெவலுக்குன்னு இருக்கிற பெருக்கெண்ணால பெருக்கணும்: லெவல் 40-க்கு 0.7903, லெவல் 50-க்கு 0.8403. ஹண்டோ 40-ல் அட்டாக் 249, டிஃபென்ஸ் 156, எச்பி 180. ஜீரோ ஐவி 50-ல் அட்டாக் 252, டிஃபென்ஸ் 153, எச்பி 179. மூணு ஐவியும் முழுசாப் போனதைப் பத்து லெவல் ஈடுகட்டிடுது.

ஆனா அந்தப் பத்து லெவல் சும்மா வராது. 296 எக்ஸ்எல் கேண்டி, 2,50,000 ஸ்டார்டஸ்ட். அதனால மாஸ்டர் லீக்குக்குன்னு அவ்வளவையும் கொட்டப் போறீங்கன்னா நல்ல ஐவி உள்ளதுலயே கொட்டுங்க. அங்க சிபி வரம்பு கிடையாது, எல்லாமே 15 இருக்கிறதுதான் சிறந்தது. அந்த லீக்ல உங்க ஃப்ரெண்டு சொல்றதும் சரிதான், புதுப் பயிற்சியாளன்.

ஈவீ பிரியை: கிரேட் லீக்ல எல்லாரும் அட்டாக் 0 வேணும்ங்கிறாங்களே, அடிக்கிற சக்தியே இல்லாம எப்படி ஜெயிக்கிறது?

இந்த விஷயத்துலதான் நிறைய பேர் குழம்புறாங்க. கிரேட் லீக்ல சிபி 1500-ஐத் தாண்டக் கூடாது, அல்ட்ரா லீக்ல 2500. சிபி கணக்குல அட்டாக் முழுசா எண்ணப்படும், டிஃபென்ஸும் எச்பியும் வர்க்கமூலமாத்தான் எண்ணப்படும். அட்டாக் ஒரு புள்ளி ஏறினா சிபி வேகமா ஏறும், மத்த ரெண்டும் ஏறினா மெதுவா ஏறும். ஆகவே அட்டாக்கைக் குறைச்சா அந்த மிச்ச இடத்துல லெவலை ஏத்திக்கலாம். லெவல் ஏறினா மூணுமே ஏறும்.

அசுமாரில்லைப் பாருங்க. 15/15/15 லெவல் 36-லேயே 1497-க்கு வந்து நின்னுடும். அட்டாக் 97.5, டிஃபென்ஸ் 128, எச்பி 184. 0/15/15 உள்ளது லெவல் 45.5 வரை போயிதான் 1499 ஆகும். அட்டாக் 91.6, டிஃபென்ஸ் 136.6, எச்பி 196. அட்டாக்ல ஆறு புள்ளி விட்டுக்கொடுத்து, எச்பில 12-ம் டிஃபென்ஸ்ல எட்டும் வாங்கியிருக்கு. மூணையும் பெருக்கிப் பார்த்தா மொத்தத்துல ஆறு, ஏழு சதவீதம் லாபம். ரெண்டுல ஒரு சண்டையில அது ஒரு சார்ஜ் மூவ் (சின்ன ஃபாஸ்ட் மூவ் போட்டுச் சேர்த்த சக்தியில அடிக்கிற பெரிய மூவ்) கூடுதலாப் போடுற நேரம் வரைக்கும் நிற்க வைக்கும்னு சொல்ல மாட்டேன். சில சண்டையில நிற்க வைக்கும்.

எக்ஸ்எல் இல்லாதவங்களுக்கு ஒரு வழி: 8/15/15 உள்ள அசுமாரில் லெவல் 40-ல் சரியா 1500. ஒரு எக்ஸ்எல் கேண்டி கூட வேண்டாம்.

கடைசி ஷீல்டு: அப்போ எல்லா இனத்துக்கும் அட்டாக் குறைவா இருந்தாப் போதுமா?

இல்ல. வரம்பைத் தொடவே முடியாத இனத்துக்கு எல்லாம் 15-தான் வேணும். லெவல் 40 உச்சமா இருந்த காலத்துல மெடிசாம் ஹண்டோ 1431-ல் நின்னுடும், அதனால கிரேட் லீக்ல அதுதான் சிறந்தது. 2020 கடைசியில லெவல் 50 வந்ததும் அதே ஹண்டோ 1618 வரை போக ஆரம்பிச்சுது. இப்போ 5/15/15 உள்ளது லெவல் 50-ல் 1499-ல் அழகா உட்காரும். பழைய ஹண்டோவைப் பொத்திப் பொத்தி வெச்சிருந்தவங்க அன்னைக்குப் புலம்பினது கொஞ்சநஞ்சமில்ல.

ரேங்க் பைத்தியம்: 4096-ல் என்னோடது ரேங்க் 600. ரேங்க் 1 கிடைக்கிற வரைக்கும் காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். ரேங்க்ங்கிறது வெறும் வரிசை எண், இடைவெளி எவ்வளவுன்னு அது சொல்லாது. ரேங்க் 1-க்கும் நூத்துக்கணக்குல கீழே இருக்கிறதுக்கும் சில சதவீதம்தான் வித்தியாசம் இருக்கும். அந்த ரேங்க் போடுறதும் மூணு எண்ணோட பெருக்கல்தொகையை வெச்சுத்தான். எந்த எதிரியோட மோதப் போறோம்னு அதுக்குத் தெரியாது. ரேங்க் 1 தோக்கிற இடத்துல, கொஞ்சம் அட்டாக் கூடின ரேங்க் 300 ஜெயிக்கிறதும் உண்டு.

டிராகன் தாத்தா: ஐவி முக்கியமே இல்லைன்னு சொல்லிட்டுப் போறீங்க. மாஸ்டர் லீக்ல ஒரே ஒரு புள்ளியில நான் தோத்திருக்கேன்.

ஐயா, முக்கியமே இல்லைன்னு சொல்லலை. பெரும்பாலான நேரம் ஒண்ணும் செய்யாது, சில நேரம் சண்டையையே மாத்திடும். நடுவுல இருக்கிற நிலைமை குறைவு. ஏன்னு சொல்றேன்.

டேமேஜ் கணக்கு இப்படி: மூவோட சக்தி × 0.5 × 1.3 × தன் வகை மூவா இருந்தா 1.2 × வகைப் பொருத்தம் × (நம்ம அட்டாக் ÷ எதிரி டிஃபென்ஸ்). வர்ற விடையில தசமத்தை வெட்டிட்டு 1 கூட்டணும். வெட்டுறோம் பாருங்க, சூட்சுமம் முழுக்க அதுலதான்.

ரெண்டு பக்கமும் டியால்கா, ஒரே லெவல் (அதனால பெருக்கெண் அடிபட்டுப் போயிடும்). டிராகன் பிரெத்தோட சக்தி 4-ன்னு வெச்சுக்குவோம் (மூவோட சக்தியை அப்பப்போ மாத்துவாங்க). டியால்கா ஸ்டீல், டிராகன் ரெண்டும் கலந்ததால வகைப் பொருத்தம் 1.6 × 0.625, அதாவது 1. அட்டாக் ஐவி 15-ன்னா 290, எதிரி டிஃபென்ஸ் ஐவி 15-ன்னா 226. கணக்குப் போட்டா 4.003. தசமத்தை வெட்டினா 4, ஒண்ணு கூட்டினா டேமேஜ் 5.

இப்போ அட்டாக் ஐவியை 14 ஆக்குங்க. 289 ÷ 226, விடை 3.99. வெட்டினா 3, கூட்டினா 4.

ஒரே ஒரு புள்ளி. 5 அடிச்சது 4 அடிக்குது. லெவல் 50 டியால்காவுக்கு எச்பி 184, ஃபாஸ்ட் மூவ் மட்டுமே போட்டு வீழ்த்தணும்னா 37 அடி போதும்ங்கிற இடத்துல 46 அடி வேணும். நீங்க தோத்தது இந்த மாதிரி ஒரு இடமாக்கூட இருக்கலாம். இதை பிரேக்பாயின்ட்னு சொல்வாங்க. இதையே தடுக்கிறவர் பக்கத்துல இருந்து பார்த்தா பல்க்பாயின்ட்: எதிரியோட டிஃபென்ஸ் ஒரு புள்ளி கூடியிருந்தா நம்ம 15 அட்டாக்கும் 4-தான் அடிக்கும்.

ஆனா அதே டியால்கா வேற ஒரு எதிரி முன்னாடி நின்னா 14-ம் 15-ம் ஒரே டேமேஜ்தான் போடும். அதனாலதான் "96 சதவீதம் போதுமா"ங்கிற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. அந்த 96-ல் குறைஞ்சது எந்தப் பட்டைன்னு பாருங்க. மாஸ்டர் லீக்ல அட்டாக் 15 இருந்து எச்பில ஒண்ணு ரெண்டு குறைஞ்சா நான் கவலைப்பட மாட்டேன்.

ஹரிணி: அட்டாக் கூட இருந்தா நம்ம மூவ் முதல்ல போகும்னு சொல்றாங்களே?

ரெண்டு பேரும் ஒரே டர்ன்ல சார்ஜ் மூவ் போட்டா மட்டும். டர்ன்ங்கிறது அரை நொடி. அந்த நேரத்துல யாரோட அட்டாக் அதிகமோ அவர் மூவ் முன்னால போகும். முதல் அடியிலயே நம்மாளு விழுந்துட்டா அழுத்தின மூவ் வீண். ஒரே இனம் ஒரே இனத்தோட மோதும்போது இது ரொம்ப வலிக்கும். மாஸ்டர் லீக்ல அட்டாக் 15-க்கு இவ்வளவு மதிப்பு வர்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

முட்டைக்காரி: ஷேடோ (வில்லன் ராக்கெட் கூட்டத்துகிட்ட இருந்து மீட்கிறது) ஒண்ணு பிடிச்சேன், 13/13/13. பியூரிஃபை (சுத்தப்படுத்தி சாதாரணமாக்குறது) பண்ணினா ஹண்டோ! பண்ணிடவா அக்கா?

கையை எடுங்க! பியூரிஃபை பண்ணினா ஒவ்வொண்ணுலயும் 2 ஏறும், நாலு ஸ்டார் ஆயிடும், சரி. ஆனா ஷேடோவுக்கு இருக்கிற 20 சதவீத அட்டாக் போயிடும். மியூட்டூ அளவுல சொன்னா, ஜீரோ ஐவி ஷேடோவே 360 கணக்குல அடிக்கும், ஹண்டோ 315-தான். ஷேடோ அடியும் 20 சதவீதம் கூட வாங்கும், அதனால பேட்டில் லீக்ல சில இனத்துக்கு சாதாரணமானதே மேல். ரெய்டுக்குன்னா (பல பேர் சேர்ந்து ஒரு பெரிய போக்கிமானை அடிக்கிறது) யோசிக்கவே வேண்டாம், ஷேடோவாவே வெச்சுக்கோங்க. ஹண்டோ ஆசைக்காகப் பண்றீங்கன்னா அது உங்க சேகரிப்பு, நான் குறுக்க வரலை.

ரெய்டு ராஜா: ரெய்டுக்கும் ராக்கெட் ஆட்களோட சண்டைக்கும்?

பார்க்கவே பார்க்காதீங்க. வகை, மூவ், லெவல், இந்த மூணு போதும்.

தோல்வி நாயகன்: தொடர்ந்து தோக்கிறேன். எதிராளி எல்லார்கிட்டயும் ஹண்டோ இருக்கு. இது நியாயமே இல்ல.

எதிராளியோட ஐவி உங்க திரையில தெரியாதே, எப்படிக் கண்டுபிடிச்சீங்க? தெரியுறது சிபி மட்டும். மாஸ்டர் லீக்ல அதை வெச்சு ஓரளவு ஊகிக்கலாம். கிரேட் லீக்ல எல்லாருமே 1500-க்குப் பக்கத்துலதான் நிற்பாங்க, ஒண்ணும் சொல்ல முடியாது.

அடுத்த சில சண்டையில ஒண்ணு பண்ணுங்க. எதிராளி எத்தனை ஃபாஸ்ட் மூவ் போட்டார்னு எண்ணுங்க. எப்போ அவருக்கு சார்ஜ் மூவ் தயாராகும்னு தெரிஞ்சா, எப்போ ஷீல்டு போடணும், எப்போ ஆளை மாத்தணும்னு தெரியும். ஷீல்டு போட்டா எவ்வளவு பெரிய மூவும் 1 டேமேஜ்தான். ரெண்டே ஷீல்டு. அதுல ஒண்ணை எதிராளி தூண்டிலாப் போட்ட சின்ன மூவுக்கு வீணாக்கினா, உங்க மூணு போக்கிமானோட ஐவி எல்லாத்தையும் கூட்டினாலும் அந்த நஷ்டம் அடையாது.

டஸ்ட் இல்லாதவன்: ஸ்டார்டஸ்ட் கொஞ்சம்தான் இருக்கு. நல்ல ஐவி தேடி ஏத்தவா, இருக்கிறதுக்கு ரெண்டாவது சார்ஜ் மூவ் திறக்கவா?

ரெண்டாவது மூவ். எதிராளிக்கு எந்த மூவ் வருதுன்னு தெரியாம இருக்கிறதே பாதி பலம். இனத்தைப் பொறுத்து 10,000-ல் இருந்து 1,00,000 டஸ்ட் வரை ஆகும், கேண்டியும் போகும். ஒரேயொரு எச்சரிக்கை: ஐவி ரொம்ப மோசமா இருக்கிற லெஜண்டரிக்கு லட்சத்தைக் கொட்டாதீங்க. அங்க மட்டும் கொஞ்சம் பொறுத்திருந்து நல்லது கிடைச்சதும் திறங்க.

ஈவீ பிரியை: மறுபடியும் நான்தான். ரெய்டுல பிடிச்சதுக்கு அட்டாக் எப்பவும் 10-க்கு மேலதான் வருது. கிரேட் லீக்குக்கு எப்படி இறக்குறது?

டிரேடு பண்ணுங்க. சாதாரண ரெய்டு, முட்டை, ரிசர்ச் மூணுலயும் ஐவி 10-க்குக் கீழே போகாது. டிரேடு பண்ணினா மூணும் புதுசா விழும். பெஸ்ட் ஃப்ரெண்டோட பண்ணினா குறைஞ்சது 5, இன்னும் பழக்கம் குறைவான ஃப்ரெண்டோட பண்ணினா அதுக்கும் கீழே வரும். கிரேட் லீக்குக்கு நெருங்காத ஃப்ரெண்டுதான் நல்ல ஃப்ரெண்டு! லக்கி (டிரேடுல எப்பவாவது அமையுற சிறப்பு வகை) ஆயிட்டா மட்டும் மூணும் குறைஞ்சது 12 ஆயிடும், இதுக்கு உதவாது. மாஸ்டர் லீக்குக்குன்னா அதே லக்கிதான் வரம்: ஹண்டோ வர்ற வாய்ப்பு 64-ல் ஒண்ணு, ஏத்துற டஸ்ட்டும் பாதி.

பழைய கேம்பாய்: கன்சோல் விளையாட்டுல 31 வரை போகுமே, அதே கணக்கா?

பேர்தான் ஒண்ணு, கணக்கு வேற. அங்க ஆறு புள்ளிவிவரம், ஒவ்வொண்ணுக்கும் 0 முதல் 31. வேகம்ங்கிற ஒண்ணு இருக்கிறதால யார் முதல்ல அடிக்கிறாங்கன்னு ஒரே புள்ளி முடிவு பண்ணிடும். அங்க ஐவியை லேசா எடுத்துக்காதீங்க.

புதுப் பயிற்சியாளன்: அக்கா, ஃப்ரெண்டுகிட்ட காட்டினேன். இன்னும் அனுப்பாம வெச்சிருக்கிறதுல 1/14/15 மாரில் ஒண்ணு இருக்காம். என்ன பண்ணச் சொல்றது?

உங்களுக்கு டிரேடு பண்ணச் சொல்லிடாதீங்க, ஐவி மாறிடும். அவரையே வெச்சுக்கச் சொல்லுங்க. பரிணாமம் பண்றதுக்கு முன்னாடி அசுமாரில் ஆனா 1500-ஐத் தாண்டுமான்னு பார்த்துட்டு பண்ணச் சொல்லுங்க.