ஆல் வீல் டிரைவ் கார் யூ-டர்னில் பிடித்து இழுக்கிறது, கியர்பாக்ஸை இறக்க வேண்டுமா?

இப்போதைக்கு இறக்கவிடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: செகண்ட் ஹேண்டில் வாங்கிய ரெனோ டஸ்டர் ஆல் வீல் டிரைவ் (நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகும் வண்டி), பின்னால் இரண்டும் புது டயர், முன்னால் நன்றாகத் தேய்ந்த பழைய டயர், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திருப்பினால் யாரோ ஹேண்ட் பிரேக்கை இழுத்த மாதிரி வண்டி திணறி, அப்புறம் டக்கென்று விடுகிறது, நேர் ரோட்டில் ஒன்றுமே இல்லை. மெக்கானிக் ஓட்டிக்கூடப் பார்க்காமல் கியர்பாக்ஸ் என்று சொல்லிவிட்டார். இந்த அறிகுறிக்கு நான் முதலில் குனிந்து பார்ப்பது டயரைத்தான்.

காரணம் இது. வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின் சக்கரங்கள் சின்ன வட்டத்திலும் போகின்றன, அதாவது முன்னால் இருப்பவை கூடுதலாகச் சுற்ற வேண்டும். முன்னையும் பின்னையும் ஒரே ஷாஃப்ட் இணைக்கும் வண்டியில் நடுவே ஏதோ ஒன்று வழுக்கிக்கொடுத்தால்தான் இது நடக்கும். டஸ்டரில் அந்த வேலையைப் பின் டிஃபரென்ஷியலுக்கு (பின் சக்கரங்கள் இரண்டுக்கும் சக்தியைப் பிரித்துக்கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) முன்னால் இருக்கும் மின்காந்தக் கிளட்ச் செய்கிறது, கப்ளிங் என்பதும் இதைத்தான். முன் சக்கரம் வழுக்குகிறது என்று கம்ப்யூட்டருக்குத் தோன்றினால் அந்தக் கிளட்சை இறுக்கும். இப்போது உங்கள் வண்டியைப் பாருங்கள். தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு, அதனால் முன் சக்கரங்கள் எப்போதுமே பின்னதைவிட வேகமாகச் சுற்றுகின்றன. கம்ப்யூட்டருக்கு அது வழுக்கல் மாதிரிதான் தெரியும்.

கணக்குப் போட்டால் புரியும். 215/65 ஆர்16 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.15 மீட்டர். பட்டன் (டயரின் மேல்பரப்புக் கட்டைகளின் உயரம்) 3 மி.மீ. வித்தியாசப்பட்டால் சுற்றளவில் 19 மி.மீ. குறையும், ஒரு கிலோமீட்டருக்கு 4 சுற்று அதிகம். சென்னையிலிருந்து மதுரை போய்ச் சேர்வதற்குள் 1,800 சுற்றுக்கு மேல் ஆகிவிடும். கிளட்ச் பிடித்திருக்கும் நேரமெல்லாம் அதன் தட்டுகள் இந்த வித்தியாசத்தைத் தேய்ந்து தேய்ந்து சூடாகித்தான் சமாளிக்க வேண்டும். சுபாரு தன் வண்டிகளுக்குச் சொல்லும் வரம்பு சுற்றளவில் கால் அங்குலம், பட்டனில் பார்த்தால் 1 மி.மீ.தான்! ஆல் வீல் டிரைவுக்கு டயர் மாற்றினால் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள், ஒரே கம்பெனி, ஒரே மாடல். செலவுதான், ஆனால் கப்ளிங்கின் விலையை ஒரு தடவை விசாரித்தால் டயர் மலிவாகத் தெரியும்.

சரி, சோதனைக்கு வருவோம். காலி மைதானத்தில் டிரைவ் மோடு மாற்றும் நாபை டூ வீலில் (முன் சக்கரங்கள் மட்டும் இழுக்கும்) வைத்து, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து இரண்டு பக்கமும் மெதுவாகச் சுற்றுங்கள். பிறகு நாபை ஆட்டோவில் (தேவைப்படும்போது கம்ப்யூட்டரே கிளட்சை இறுக்கும்) வைத்து அதையே செய்யுங்கள். ஆட்டோவில் மட்டும் பிடித்தால், டூ வீலில் கிளட்ச் ஒழுங்காக விடுபடுகிறது, அதை இறுக்கச் சொல்வதில்தான் கோளாறு: டயர், காற்றழுத்தம், வீல் ஸ்பீட் சென்சார் என்று வரிசையாகப் பாருங்கள். டூ வீலிலும் பிடித்தால் அடுத்த சோதனை. சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, என்ஜினை அணைத்து முதல் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு (அது பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும், மறந்துவிட்டால் சோதனையே தப்பாகிவிடும்) ஒரே ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்ட் வையுங்கள். அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசான கனத்தோடு சுற்றினால் கப்ளிங் திறந்திருக்கிறது. அசையவே இல்லையென்றால் தட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம், அப்போதும் கழற்ற வேண்டியது பின்னால் இருக்கும் கப்ளிங்கைத்தான்.

மற்ற சத்தங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திரும்பும்போது டக் டக் என்று அடித்தால் ஆக்சில் ஜாயிண்ட். ரப்பர் பூட் கிழிந்து ரிம்மின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கும். முன்னே பின்னே கியர் மாற்றும்போது 'டங்' என்றால் ஷாஃப்ட் ஜாயிண்ட். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு மாதிரியும் விடும்போது வேறு மாதிரியும் ஊளையிட்டால் கிரவுன் பினியன், அதாவது டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடி. வண்டியை இடது வலதாக லேசாக ஒடிக்கும்போது ஹம்மென்ற இரைச்சல் கூடிக் குறைந்தால் அது வீல் பேரிங், இதற்காக டிஃபரென்ஷியலைப் பிரித்த கதையெல்லாம் உண்டு.

ஆயில் விஷயத்தில் 'லைஃப்டைம்' என்று யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை. கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகும் ஷாஃப்டுக்குச் சக்தியைத் திருப்பிவிடும் முன் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஆயிலும் குறைவு, சூடும் அதிகம். ஆயில் மாற்றும்போது ஊற்றும் பிளக்கை முதலில் கழற்றுங்கள். வடித்துவிட்டு அது வரவில்லையென்றால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். காந்தப் பிளக்கில் மை மாதிரி நைசாக இருந்தால் சாதாரணத் தேய்மானம், செதில் செதிலாக வந்தால் பல் போகிறது. பால் மாதிரி வெளுத்திருந்தால் வெள்ளத்தில் இறக்கியபோது பிரீதர் (காற்று போகும் சிறு துளை) வழியாகத் தண்ணீர் ஏறியிருக்கும். ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகனின் ஹால்டெக்ஸ் வகையில் கப்ளிங்குக்கே தனி ஆயிலும் பம்பும் உண்டு. புதிய தலைமுறையில் பம்பின் வலை கிளட்ச் தூளால் அடைத்துப் பம்ப் எரிந்துபோகும். அங்கே பிடித்து இழுக்காது, சத்தமே இல்லாமல் முன் சக்கர வண்டியாக மாறிவிடும், மழையில் மேடு ஏறும்போதுதான் தெரியும்.

நாபில் இருக்கும் லாக் (கிளட்சை இறுக்கியே வைக்கும்) சேறு, மணலுக்கு மட்டும். மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி மாதிரி வண்டிகளில் நடுவே வழுக்கிக்கொடுக்க எதுவுமே கிடையாது, காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் ஹையில் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) திருப்பினால் இறுகி லீவரே வெளியே வராது. நேராகக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும்.

வழியில் நின்றுபோனால் முன்பக்கத்தை மட்டும் தூக்கி இழுத்துப்போகும் வண்டியில் ஏற்றாதீர்கள். "நியூட்ரல்ல போட்டுட்டா ஒண்ணும் ஆகாது சார்" என்பார்கள். பின் சக்கரம் சுற்றினால் ஷாஃப்டும் கப்ளிங்கும் சேர்ந்து சுற்றும், நான்கு சக்கரமும் மேலே ஏறும் ஃப்ளாட்பெட் வரும்வரை காத்திருங்கள்.