பௌதிக விஞ்ஞானம் படித்தால் என்ன வேலை?

மதிப்புக்குரிய ஐயா,

களுவாஞ்சிகுடியில் சிறிய கடையொன்று வைத்திருக்கிறேன். எனது மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் சித்தியடைந்திருக்கிறாள். பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி பொறியியலுக்குப் போதாது, பௌதிக விஞ்ஞானம் கிடைக்கும் என்கிறார்கள். அவளுக்கு அதில் விருப்பம். சொந்தக்காரரோ, பொறியியல் கிடைக்கும்வரை திரும்ப எழுதட்டும், இதைப் படித்தால் காந்திப் பூங்காவில் போய்க் குந்த வேண்டியதுதான் என்கிறார்கள். தங்கள் அபிப்பிராயத்தை அறியத் தாருங்கள்.

ஒரு தந்தை

அன்புள்ள ஐயா,

தங்கள் பயம் நியாயமானது. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் மட்டக்களப்புக் காந்திப் பூங்காவில் அமர்ந்திருந்த நாட்களில் நானும் அங்கே சென்று அவர்களோடு பேசியிருக்கிறேன். பிள்ளையைப் படிப்பிக்கும் எந்தத் தகப்பனும் அந்தக் காட்சியை இலேசில் மறக்க மாட்டார். ஆயினும் சொந்தக்காரர் சொல்வது அரைவாசிதான் சரி என்பது எனது எண்ணம். மருத்துவம், பொறியியல் என்னும் பெயர்களிலேயே தொழிலும் அடங்கியிருக்கிறது. பௌதிகவியல், இரசாயனவியல், கணிதம் முதலியவற்றைச் சேர்த்துப் படிக்கும் பௌதிக விஞ்ஞானத்தில் பட்டம் பெற்றவர் என்னவாக வருவார் என்று கேட்கும் அயலவருக்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடிவதில்லை. அந்தச் சங்கடமே நமது பெற்றோரில் பலரை இதிலிருந்து விலக்கிவிடுகிறது.

2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலைக்குப் பிறகு நமது கரையோரக் கிணறுகளுக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தின் கீழே, மழையால் ஊறிய நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்நீரின் அடர்த்தி நன்னீரினதைவிட நூற்றுக்கு இரண்டரை வீதமளவே கூடியது. ஆகையால் கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் தங்கும், மேலே குறையக் குறையக் கீழிருந்து உவர் அதே கணக்கில் ஏறிவரும். அலை வடிந்தபின் உப்பை அகற்றும் நல்லெண்ணத்தோடு பம்பி வைத்துக் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். உப்புக் கூடக் கூட அதிகரிக்கும் நீரின் மின்கடத்துதிறனை மாதக்கணக்கில் அளந்து, மழையே உப்பைக் கழுவிவிடும், அளவுக்கு மீறி இறைத்தால் உவர்தான் மேலே வரும் என்று எடுத்துச் சொன்னவர்கள் விஞ்ஞானம் படித்தவர்கள். அடர்த்தி, அமுக்கம், கரைசலின் கடத்துதிறன் யாவும் தங்கள் மகள் ஏற்கெனவே படித்த பாடங்கள். நமது வீட்டுக் கிணற்றடிக்கு இவ்வளவு நெருக்கமான ஒரு படிப்பை இரண்டாந்தரமாக எண்ணுவது எனக்கு மனவருத்தத்தைத் தருகிறது.

இனித் தொழிலுக்கு வருகிறேன். இரசாயனவியலில் ஆழமாகப் படித்தவர்களுக்கு நீர்வழங்கல் சபையின் ஆய்வுகூடங்கள், அரச பகுப்பாய்வாளர் திணைக்களம், தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகள் ஆகியவற்றில் இடமுண்டு. பௌதிகவியல் படித்தவர்கள் வளிமண்டலவியல் திணைக்களத்துக்குப் போகலாம். பேராதனையில் பட்டப்பின் படிப்பாக மருத்துவப் பௌதிகவியலைக் கற்றுப் புற்றுநோய்ச் சிகிச்சையில் கதிர்வீச்சின் அளவைக் கணிக்கும் பணிக்கும் போகலாம். கணிதத்தோடு புள்ளிவிபரவியலும் கணினியும் சேர்த்துப் படித்தவர்களை வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் மென்பொருள் நிறுவனங்களும் எடுத்துக்கொள்கின்றன. ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: இந்தப் பட்டம் அவளைப் பொறியியலாளர் ஆக்காது. அவளுடைய மனம் உண்மையில் அங்கேதான் இருக்கிறதென்றால் இந்தப் படிப்பு அதற்கு ஈடாகாது.

ஆசிரியத் தொழிலைக் கடைசியில் கிடைப்பது என்று நம்மவர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. பௌதிகவியல் கற்பிக்க ஆளில்லாத காரணத்தால் கணிதப் பிரிவையே நினைத்துப் பார்க்க முடியாத பிள்ளைகள் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் இருக்கிறார்கள். காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தரும் 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்ற ஆசிரியரே. தந்தியின் நீளத்துக்கும் சுரத்துக்கும் இடையிலுள்ள கணக்கு அவருக்குக் கைவந்திருந்தபடியால்தான், வழக்கொழிந்த யாழ்களை 1947இல் வெளிவந்த யாழ் நூலில் அவரால் அவ்வளவு நுட்பமாக ஆராய முடிந்தது.

மூன்று ஆண்டுப் பொதுப்பட்டத்தோடு நின்றுவிட்டு அரச நியமனத்துக்காகக் காத்திருப்பதே சொந்தக்காரர் பயப்படுகிற பாதை. அந்தப் பயத்தில் உண்மை இருக்கிறது. ஆகவே முதலாண்டிலிருந்தே புள்ளிகளைக் கவனித்து, நான்காண்டுச் சிறப்புப்பட்டத்துக்குத் தெரிவாக அவள் முயல வேண்டும். நான்காம் ஆண்டில் செய்யும் ஆய்வே வெளிநாட்டுப் புலமைப்பரிசிலுக்கும் ஆய்வுகூட வேலைக்கும் அவளுடைய முதல் சான்றாக நிற்கும். வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகமா, சம்மாந்துறையிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடமா, வெளிமாவட்டமா என்பதைவிட, அங்கே எந்தப் பாடங்களைச் சேர்த்துப் படிக்கலாம், எவற்றில் சிறப்புப்பட்டம் உண்டு என்பதை முதலில் விசாரியுங்கள்.

திரும்ப எழுதுவதைப் பொறுத்தவரை, மூன்று தடவைகள் தோற்றலாம் என்பதற்காக மூன்றையும் செலவழிக்க வேண்டியதில்லை. வெட்டுப்புள்ளிக்கு மிக அருகில் நின்று, அவளே விரும்பினால் மாத்திரம் எழுதட்டும். பல்கலைக்கழகத்தில் பதிவுசெய்தபின் மறுபடி விண்ணப்பிப்பதற்குரிய விதிகளைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் வாசித்தபின் முடிவெடுங்கள்.

பீடத்துக்குள் நமது பிள்ளைகளை முதலில் தடுக்கி விழுத்துவது மொழி. தமிழில் ஆர்முடுகலும் உந்தமும் முறிவும் தெளிவாகக் கற்ற பிள்ளை, அதே விடயத்தை ஆங்கில விரிவுரையில் கேட்கும்போது தனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்து ஒடுங்கிப்போவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பெறுபேறு வந்து பல்கலைக்கழகம் தொடங்கும்வரை கிடைக்கும் மாதங்களில் ஒரு கொப்பியை எடுத்து, தமிழ்ப் பாடநூலின் கலைச்சொற்களுக்கு எதிரே ஆங்கிலச் சொற்களை எழுதி, பழைய வினாத்தாள்களை ஆங்கிலத்தில் ஒருமுறை செய்துபார்க்கச் சொல்லுங்கள். பாடத் தெரிவுப் படிவம் கைக்கு வந்ததும், நிரப்புவதற்கு முன்னர், மகளையே எனக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள்.