கைநாட்டு வைத்தால் பஞ்சமி நிலம் கைமாறிவிடுமா?

கேள்வி: தாத்தா காலத்தில் காசு வாங்கிக்கொண்டு கைநாட்டு வைத்து விற்றுவிட்டு, பேரன் வந்து "பஞ்சமி நிலம், திருப்பிக் கொடு" என்கிறானே, இது நியாயமா? பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாம் பார்த்து வாங்கியவன் என்ன செய்வான்? (ஒரு வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்)

பதில்: நியாயம்தான். பஞ்சமி நிலம் என்பது வெள்ளையர் காலத்தில் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு (இன்றைய ஆதிதிராவிடருக்கு) அரசு நிபந்தனையோடு கொடுத்த நிலம். அந்த வகுப்பைச் சேராத உங்கள் தரப்புக்கு அதை விற்கும் உரிமையே அந்தத் தாத்தாவுக்குக் கிடையாது. அவரிடம் இல்லாத ஒன்றை அவர் கைநாட்டு உங்களுக்குக் கொடுத்திருக்க முடியாது.

தரிசு நிலம் கேட்டு அரசுக்கு (தர்க்காஸ்து) மனுப் போட்டால்கூட மிராசுதாருக்கே முன்னுரிமை என்று சேரி மக்களைத் தட்டிக் கழித்த காலம் அது. அந்த நிலைமையைச் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் 1891-ல் அறிக்கையாக எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30-ல், அந்த மக்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை 1010, 1010ஏ வந்தன. சென்னை மாகாணத்தில் இப்படி ஒதுக்கப்பட்டது சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. முதல் 10 ஆண்டு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது; அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குள்ளேதான் கைமாற வேண்டும்; மீறினால் அந்தக் கிரயம் செல்லாது, அரசு இழப்பீடு தராமல் எடுத்துக்கொள்ளலாம். இவை நிபந்தனைகள். இரண்டு மூட்டை நெல்லுக்கும் கல்யாணக் கடனுக்கும் நிலம் போய்விடும் என்று தெரிந்தேதான் இந்த வேலியைப் போட்டார்கள். நிபந்தனை நிலத்தின் மேல் இருக்கிறது. பத்துக் கை மாறினாலும் கூடவே வரும்.

நீங்கள் பார்த்த மூன்று காகிதங்களிலும் அது ஏன் தெரியவில்லை? வில்லங்கச் சான்று, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான கிரயம், அடமானங்களை மட்டுமே காட்டும். ஒப்படை நிபந்தனை, அதாவது அரசு நிலத்தைக் கொடுத்தபோது போட்ட நிபந்தனை, இருப்பது வருவாய்த் துறைப் பதிவேட்டில். பட்டாவோ, 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்னும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின் வழியில் வந்தது. அப்போது பல ஊர்களில் அனுபவத்தில் இருந்தவர் பெயரை ஏற்றிவிட்டு, பழைய பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் இருந்த "நிபந்தனை" அல்லது "டி.சி." (ஒடுக்கப்பட்ட வகுப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற ஒற்றைச் சொல்லை விட்டுவிட்டார்கள். அந்த ஒரு சொல் விழுந்ததில் ஒரு குடும்பத்தின் நிலமே காகிதத்திலிருந்து காணாமல் போனது. மனைப் பிரிவுக்கு அங்கீகாரம் இருந்தாலும் நிபந்தனை நீங்கிவிடாது.

மீட்கப் போராடுவோரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "எங்கள் ஊர் பஞ்சமி நிலத்தை மீட்டுத் தாருங்கள்" என்று மொட்டையாக மனுக் கொடுத்தால், வட்டாட்சியர் அலுவலகம் யு.டி.ஆர். பதிவேட்டைப் புரட்டிவிட்டு "அப்படிப் பதிவு இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடும். முதலில், ஊரின் நிலங்களைப் புல எண் வாரியாகக் காட்டும் வருவாய்த் துறையின் இன்றைய "அ" பதிவேட்டின் நகலை எடுங்கள். அதில் பழைய புல எண்ணுக்கென்று தனிக் கலம் உண்டு. அந்தப் பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டு, யு.டி.ஆருக்கு முந்தைய "அ" பதிவேடு, அதற்கும் முந்தைய நிலவரித் திட்டப் பதிவேடு இரண்டிலும் அதே எண்ணுக்கான பக்கத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். பழைய ஒரே எண் இன்று நான்கைந்து உட்பிரிவாக உடைந்திருக்கும். ஒன்றை விட்டாலும் அந்தத் துண்டு தப்பிவிடும். பழைய பக்கமும் இன்றைய பக்கமும் இணைத்து, உட்பிரிவு வாரியாகப் பரப்பு எழுதி, ஒப்படையை ரத்து செய்து நிலமற்ற ஆதிதிராவிடர் குடும்பங்களுக்கு மறு ஒப்படை செய்யுமாறு ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள். பட்டா மாற்றத்தை மட்டும் கேட்டால் போதாது. ஆதிதிராவிடர் பெயரில் இருக்கும் நிலமெல்லாம் பஞ்சமி ஆகாது, சொந்தக் காசில் வாங்கியதும் உண்டு. அதனால்தான் பழைய பக்கம் இல்லாமல் இறங்கக் கூடாது என்கிறோம்.

"காசு வாங்கிக்கொண்டு கேட்கிறார்கள்" என்று பேசும் முன் செங்கல்பட்டுப் பகுதியின் காரணை கிராமத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே பஞ்சமி நிலம் கேட்ட போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள்.

உங்கள் பணத்தைக் கேட்க வேண்டிய இடம் அந்தப் பேரன் வீடல்ல. கிரயப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். "பின்னிட்டு ஏதேனும் வில்லங்கம் ஏற்பட்டால் என் சொந்தச் செலவில் தீர்த்துத் தருவேன்" என்ற வாசகம் அநேகமாக இருக்கும். அதன் கீழே உங்களுக்கு விற்றவர் கையெழுத்துப் போட்டிருப்பார்.