செல்லப்பிராணி சிகிச்சைக்கு வாங்கிய கடன்: எதை முதலில் அடைப்பது?

கேள்வி: ஆவடியில் அம்மாவுடன் வசிக்கிறேன். தனியார் நிறுவனத்தில் மாதம் 46,000 ரூபாய் சம்பளம். வாடகை, வீட்டுச் செலவு, அம்மாவின் மருந்து எல்லாம் போக 8,000 ரூபாய் மிஞ்சுகிறது. அதில் 2,000 ரூபாயை வங்கியில் இரண்டு ஆண்டு ஆர்.டி.யில் கட்டுகிறேன், 16 தவணைகள் முடிந்துள்ளன. எங்கள் எட்டு வயது லாப்ரடார் ஜூலிக்குக் கருப்பையில் சீழ் பிடித்து, தனியார் கால்நடை மருத்துவமனையில் இரவோடு இரவாக அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. இன்சூரன்ஸ் இல்லை. மொத்தச் செலவு 74,000 ரூபாய். 52,000 ரூபாயைக் கிரெடிட் கார்டில் கட்டினேன். 22,000 ரூபாயை மாமாவிடம் கைமாற்றாக வாங்கினேன். இரண்டு மாதமாகக் கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகையைக் கட்டியும் நிலுவை 51,000 ரூபாய்க்குக் கீழே இறங்கவில்லை. 60,000 ரூபாய் எஃப்.டி. ஒன்று இருக்கிறது, அதை உடைக்க அம்மா சம்மதிக்கவில்லை. நான் என்ன செய்வது? இனிமேலாவது ஜூலிக்கு இன்சூரன்ஸ் எடுக்கலாமா? ஒரு நாய்க்கு இவ்வளவு செலவழித்தது தவறு என்று உறவினர்கள் சொல்வது மனதை உறுத்துகிறது.

பதில்: கடைசியில் நீங்கள் எழுதியிருப்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு நடுத்தர வயதுக்குப் பிறகு வரும் இந்த நோய், ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் உயிரைப் பறிக்கக்கூடியது. பெரும்பாலான நேரங்களில் அறுவைச் சிகிச்சைதான் அதற்கு வழி. அந்த இரவில் நீங்கள் எடுத்த முடிவில் தவறு ஏதும் இல்லை. கருப்பையே அகற்றப்பட்டுவிட்டதால் அதே நோய் திரும்பி வந்து இன்னொரு முறை இந்தச் செலவை வைக்கப்போவதும் இல்லை. இனி நாம் கவனிக்க வேண்டியது செலவான பணத்தை அல்ல, அந்தச் செலவின் மேல் ஒவ்வொரு மாதமும் ஏறிக்கொண்டிருக்கும் வட்டியை.

உங்கள் கார்டின் வட்டி விகிதம் மாதாந்திர பில்லிலேயே அச்சிடப்பட்டிருக்கும். பல கார்டுகளில் இருப்பதுபோல் மாதம் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 51,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 1,785 ரூபாய். அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 321 ரூபாய், ஆக 2,106 ரூபாய். குறைந்தபட்சத் தொகை நிலுவையில் 5 சதவீதம் என்றால் நீங்கள் கட்டுவது 2,550 ரூபாய்தான். அதாவது கட்டும் பணத்தில் அசலுக்குப் போய்ச் சேர்வது 444 ரூபாய் மட்டுமே. இரண்டு மாதம் கட்டியும் நிலுவை அசையாததற்குக் காரணம் இதுதான். இன்னொன்றும் உண்டு: நிலுவை இருக்கும்வரை கார்டில் புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். ஆகவே இந்தக் கடன் தீரும்வரை பெட்ரோலுக்கும் மளிகைக்கும்கூட அந்தக் கார்டைத் தொட வேண்டாம்.

மாமாவின் பணத்துக்கு வட்டியில்லை. அதனால் மனக்கூச்சம் எவ்வளவு இருந்தாலும் அதை இரண்டாவதாக வைப்பதே சரி. எப்போது திருப்பித் தருவீர்கள் என்று அவரிடம் ஒரு மாதத்தைக் குறிப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். தேதி சொல்லாத கைமாற்றுதான் உறவில் கசப்பை உண்டாக்குகிறது.

எஃப்.டி. விஷயத்தில் அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதை உடைக்கவும் தேவையில்லை. அதே வங்கியில் அந்த டெபாசிட்டின் பேரில் கடன் கேளுங்கள். பொதுவாக டெபாசிட் தொகையில் 90 சதவீதம் வரை தருவார்கள். உங்களுக்கு 54,000 ரூபாய் வரை கிடைக்கக்கூடும். வட்டி, டெபாசிட்டுக்கு வங்கி தரும் விகிதத்தைவிடப் பெரும்பாலும் ஒரு சதவீதம், மிஞ்சினால் இரண்டு சதவீதம்தான் கூடுதலாக இருக்கும். டெபாசிட்டுக்கு 7 சதவீதம் என்றால் கடனுக்கு 8 சதவீதம். அப்போது 51,000 ரூபாய்க்கு முதல் மாத வட்டி 340 ரூபாய். இன்று நீங்கள் இழந்துகொண்டிருப்பது 2,106 ரூபாய். டெபாசிட்டும் உடையாமல் தன் வட்டியைச் சம்பாதித்துக்கொண்டே இருக்கும்.

ஆர்.டி. போக உங்களிடம் மிஞ்சும் 6,000 ரூபாயை மாதந்தோறும் இந்தக் கடனுக்குச் செலுத்தினால் 9 மாதங்களில் முடிந்துவிடும். வட்டியாக ஏறத்தாழ 1,700 ரூபாய் போகும். அதே 6,000 ரூபாயைக் கார்டுக்கே கட்டி வந்தால் 11 மாதங்கள் ஆகும். வட்டியும் வரியுமாக 13,000 ரூபாய் போய்விடும். ஒருமுறை வங்கிக் கிளைக்குப் போய்க் கையெழுத்திடுவதில் மிச்சமாகும் தொகை 11,000 ரூபாய்க்கு மேல். அம்மாவிடம் இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். மாதந்தோறும் தவறாமல் கட்டிவிடுவேன் என்பதை மட்டும் நீங்கள் அவருக்கு உறுதியளிக்க வேண்டும். ஏனென்றால் இந்தக் கடனுக்கு மாதத் தவணை என்று வங்கி கட்டாயப்படுத்தாமல் போகலாம், அப்படி விட்டுவிட்டால் முதிர்வின்போது டெபாசிட்டில் கழித்துக்கொள்வார்கள். சம்பளம் வரும் நாளிலேயே 6,000 ரூபாய் தானாகக் கடன் கணக்குக்குப் போகும்படி நிலையான உத்தரவு கொடுத்துவிடுங்கள்.

ஆர்.டி.யை நிறுத்த வேண்டாம். இன்னும் எட்டு தவணைகளே உள்ளன. முதிர்வின்போது 48,000 ரூபாயும் வட்டியும் கையில் வரும். அதில் 22,000 ரூபாயை அன்றே மாமாவுக்குக் கொடுத்துவிடுங்கள். மீதமுள்ள 26,000 ரூபாய்தான் ஜூலிக்கான நிதியின் தொடக்கம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எஃப்.டி. இல்லாத வாசகர்கள் பலர் இதே நிலையில் இருப்பார்கள் என்பதால் அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். வீட்டில் நகை இருந்தால் வங்கியில் நகைக்கடன் வாங்கிக் கார்டை அடைப்பது, கார்டு வட்டியோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை வட்டியை மட்டும் கட்டி மறுஅடகு வைத்துக்கொண்டே போகக் கூடாது. நகையும் இல்லையென்றால், நிலுவையை மாதத் தவணையாக மாற்றித் தரும்படி கார்டு வங்கியிடமே கேட்கலாம். செயல்பாட்டுக் கட்டணமும் வட்டியின் மேல் ஜி.எஸ்.டி.யும் இருக்கும் என்றாலும், சும்மா விட்டுவைக்கும் நிலுவைக்கான வட்டியில் ஏறத்தாழப் பாதிக்கு முடியும். ஐந்து நிமிடத்தில் பணம் தருவதாகச் சொல்லும் கடன் செயலிகளை, மருத்துவமனை வராந்தாவில் பதற்றத்தோடு நிற்கும் நேரத்தில் திறக்கவே வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். ஆண்டு வட்டி விகிதத்தையும் எல்லாக் கட்டணங்களையும் குறிப்பிடும் முக்கிய விவர அறிக்கையைக் கடன் தருபவர் முன்கூட்டியே தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதைத் தராதவரிடம் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் உங்களுக்கு நம்பிக்கையூட்டும்படி என்னால் எழுத முடியவில்லை. இந்தியாவில் சில பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் நாய்களுக்குப் பாலிசி தருகின்றன. ஆனால் புதிதாகச் சேர்வதற்கு வயது வரம்பு வைத்திருக்கிறார்கள். எட்டு வயது லாப்ரடார் அந்த வரம்பைத் தாண்டியிருக்கவே வாய்ப்பு அதிகம். தாண்டவில்லை என்றாலும், ஏற்கெனவே இருந்த நோய்களுக்கும் காத்திருப்புக் காலத்தில் வரும் நோய்களுக்கும் பணம் கிடைக்காது. தடுப்பூசி போட்டிருந்தால் வந்திருக்காது என்று கருதப்படும் நோய்க்கு, தடுப்பூசிச் சான்று இல்லாமல் உரிமை கோர முடியாது. பெரும்பாலும் நீங்கள் முதலில் பணம் கட்டிவிட்டுப் பிறகு திரும்பப் பெற வேண்டியிருக்கும் என்பதால், பாலிசி இருந்தாலும் அந்த இரவில் கையில் பணம் வேண்டும். குட்டி வளர்க்கத் தொடங்குபவர்கள் முதல் ஆண்டிலேயே இந்த பாலிசிகளை விலக்குகளோடு சேர்த்துப் படித்துப் பார்ப்பது நல்லது. உங்களுக்கு நான் சொல்வது, பிரீமியமாகக் கட்ட நினைக்கும் தொகையை உங்கள் பெயரிலேயே சேமியுங்கள் என்பதுதான்.

எஃப்.டி. கடன் முடிந்தபின், மீதியிருக்கும் 26,000 ரூபாயோடு மாதம் 2,000 ரூபாய் சேர்த்து வந்தால் ஒன்றரை ஆண்டில் 62,000 ரூபாய் ஆகிவிடும். இதைச் சம்பளக் கணக்கில் வைக்காமல் தனிச் சேமிப்புக் கணக்கில், ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவிலும் எடுக்கக்கூடிய விதத்தில் வையுங்கள். பங்குச் சந்தைப் பக்கம் இந்தப் பணம் போக வேண்டாம்.

அடுத்த முறை செலவு குறைவதற்கு முக்கியமான வழி, மருத்துவரிடம் பணத்தைப் பற்றி முதலிலேயே பேசுவது. நம்மில் பலர், காசு பற்றிக் கேட்டால் பாசமில்லாதவர் என்று நினைத்துவிடுவார்களோ என்று தயங்கி, பில் வந்தபின் திகைத்து நிற்கிறோம். மனிதர்களுக்கு இருப்பதுபோல் மருத்துவக் காப்பீடு பரவலாக இல்லாத துறை என்பதால், கால்நடை மருத்துவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. என்னால் இவ்வளவுதான் முடியும் என்று தொகையைச் சொல்லுங்கள். இன்றே செய்தாக வேண்டிய பரிசோதனை எது, இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கக்கூடியது எது என்று கேளுங்கள். உள்நோயாளியாக வைக்காமல் தினமும் அழைத்துவந்து டிரிப்ஸ் ஏற்ற முடியுமா, மருந்தை வெளியே வாங்கிக்கொள்ள எழுதித் தருவார்களா, பாதியை இன்றும் மீதியை அடுத்த மாதமும் கட்டலாமா என்றெல்லாம் கேட்கலாம். மதிப்பீட்டை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கால்நடை மருத்துவமனையின் சிகிச்சைச் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, மருந்துக்கும் தீவனத்துக்கும்தான் வரி. அறுவைச் சிகிச்சைக் கட்டணத்தின் மேல் வரி போடப்பட்டிருந்தால் விளக்கம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

1903-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, இன்று சென்னை வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை ஆவடியிலிருந்து எட்டக்கூடிய தூரம்தான். ஸ்கேன், அறுவைச் சிகிச்சை, நிபுணர்கள் என எல்லாம் உள்ள இடம். கட்டணம் தனியாரைவிட மிகக் குறைவு. கூட்டம் இருக்கும், அரை நாள் விடுப்பு தேவைப்படும். அவசரமில்லாத நேரத்தில் ஒருமுறை ஜூலியை அங்கே அழைத்துச் சென்று பதிவு செய்து, முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அறுவைச் சிகிச்சையின் ஆவணங்களையும் கையோடு கொண்டுபோங்கள். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி பகுதி வாசகர்களுக்கும் அங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடங்களும் சில இருக்கின்றன. உண்ணி மருந்தைத் தள்ளிப்போட்டால் உண்ணிக் காய்ச்சல் வரும். ரத்தப் பரிசோதனைக்கும் டிரிப்ஸுக்கும் ஆகும் செலவு, பல மாத உண்ணி மருந்தின் விலையைத் தாண்டிவிடும். மழைக்காலத்தில் பரவும் எலிக்காய்ச்சலுக்கும், வெறிநோய்க்கும் ஆண்டுத் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். நாய் தெளிந்துவிட்டது என்று ஆன்டிபயாட்டிக்கைப் பாதியில் நிறுத்தாதீர்கள். வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. இபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். லாப்ரடாருக்கு எடை கூடினால் மூட்டு வலி சீக்கிரம் வரும் என்பதால், சாப்பாட்டை அளந்து போடுவதே ஜூலியின் பிற்கால மருத்துவச் செலவைக் குறைக்கும்.

சொல்வதற்குக் கடினமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஜூலி நலமாக இருக்கும் இந்த நாட்களிலேயே அம்மாவும் நீங்களும் உட்கார்ந்து, இனி ஒரு பெரிய நோய் வந்தால் எந்தத் தொகைக்கு மேல் கடன் வாங்குவதில்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஜூலிக்கான நிதியில் இருப்பதும் அதற்கு மேல் ஒரு மாதச் சம்பளமும் என்பது உங்கள் வருமானத்துக்கு நான் ஏற்கும் எல்லை. அதைத் தாண்டும் நிலை வந்தால், குணப்படுத்தும் வாய்ப்பு எவ்வளவு, வலியில்லாமல் வைத்திருக்க மட்டும் என்ன செய்யலாம் என்று மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். வயதான விலங்குக்கு வலியைப் போக்கி வீட்டிலேயே பார்த்துக்கொள்வதும் சிகிச்சைதான். அதைத் தேர்ந்தெடுத்தால் நீங்கள் ஜூலியைக் கைவிட்டதாக ஆகாது. அம்மாவின் மருந்துக்கும் உங்கள் வாடகைக்கும் உரிய பணம் எந்த இரவிலும் இந்தக் கணக்குக்குள் வரக் கூடாது.

இந்த வாரமே வங்கிக்குப் போங்கள். எஃப்.டி. கடன் பணம் வந்த அன்றே கார்டு வங்கியை அழைத்து, அன்றைய தேதி வரையிலான முழு நிலுவையைக் கேட்டு அதைக் கட்டுங்கள். பில்லில் அச்சான தொகையை மட்டும் கட்டினால், பில் தேதிக்கும் நீங்கள் கட்டிய தேதிக்கும் இடைப்பட்ட நாட்களின் வட்டி அடுத்த பில்லில் வந்து நிற்கும். அப்படிச் சில நூறு ரூபாய் வந்தால் அதையும் முழுமையாகக் கட்டிவிட்டு, அதற்கு அடுத்த பில்லில் நிலுவை பூஜ்யமாக இருக்கிறதா என்று பாருங்கள்.