மச்சு பிச்சு டிக்கெட்டா? எந்தப் பாதை என்று கேளுங்கள்

கேள்வி: நானும் என் மனைவியும் (வயது 61, 56) ஜூன் மாதம் நியூ ஜெர்சியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். அங்கிருந்து ஜூலையில் பெருவுக்குப் போய்வர ஆசை. அமெரிக்க விசா இருக்கிறது. கோவையில் ஒரு முகவர் லிமா, புனோ, டிடிகாக்கா ஏரி, வானவில் மலை, குஸ்கோ, மச்சு பிச்சு, நாஸ்கா கோடுகள் என எல்லாவற்றையும் ஏழே நாளில் காட்டுவதாகச் சொல்கிறார். நான் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவன். முதல் முறை போகிறவர்கள் தவறவிடக் கூடாத இடங்கள் எவை? இந்தத் திட்டம் சரிதானா?

பதில்: சரியில்லை. பட்டியலில் உள்ள இடங்கள் எல்லாமே சோடை போகாதவை. அவற்றை முகவர் கோத்திருக்கும் வரிசைதான் ஆபத்து. பெருவில் ஊருக்கும் ஊருக்கும் எவ்வளவு தூரம் என்பதற்கு முன்பே, எவ்வளவு உயரம் என்று கேட்க வேண்டும். லிமா கடலோர நகரம். அங்கிருந்து இரண்டாம் நாளே புனோவுக்கு விமானம் ஏற்றினால், 3,800 மீட்டர் உயரத்தில் போய் இறங்குவீர்கள். நம் ஊட்டி 2,240 மீட்டர்தான். மறுநாள் வானவில் மலை என்றால் 5,000 மீட்டருக்கு மேல். இருபது வயதுப் பிள்ளைகளே அங்கே பத்தடி நடந்து பத்து நிமிடம் உட்காருகிறார்கள். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று தொடங்கும் மலைநோய் வயதையும் பார்ப்பதில்லை, கட்டிய பணத்தையும் பார்ப்பதில்லை.

ஆகவே புனோ, அதை ஒட்டிய டிடிகாக்கா ஏரி, வானவில் மலை, நாஸ்கா நான்கையும் இந்த முறை விட்டுவிடுங்கள். ஏழு நாளை ஒன்பதாக்குங்கள். லிமாவில் ஒரு நாள் ஓய்வு. பிறகு குஸ்கோவுக்கு விமானம். ஆனால் குஸ்கோவில் (3,400 மீட்டர்) தங்காமல், விமான நிலையத்திலிருந்தே கார் பிடித்துக் கீழே புனிதப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். அங்குள்ள ஒயாந்தாய்தம்போ சுமார் 2,800 மீட்டர். இரண்டு இரவு அங்கே, அடுத்த இரவு மச்சு பிச்சுவின் அடிவாரத்தில், அதன் பிறகு குஸ்கோவுக்கு ஏறி மூன்று நாள். ஸ்பானியர்கள் வருமுன் அங்கே ஆண்ட இன்காக்கள் மலைமேல் கட்டிய கல் ஊரான மச்சு பிச்சு 2,430 மீட்டர்தான். குஸ்கோவைவிட ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் தாழ்வு. இந்தச் சின்ன விஷயத்தைப் பெரும்பாலான முகவர்கள் வரைபடத்தில் பார்த்ததே இல்லை. மலைநோய்க்கு முன்கூட்டியே எடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரையை உங்கள் மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். அது உடலிலிருந்து நீரை வெளியேற்றும் மாத்திரை. உங்கள் ரத்த அழுத்த மாத்திரையோடு ஒத்துப்போகுமா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

இனி டிக்கெட். நான் கோபப்படும் இடம் இது.

‘மச்சு பிச்சு டிக்கெட்’ என்று ஒரே ஒரு டிக்கெட் கிடையாது. 2024 ஜூன் முதல் அங்கே மூன்று சுற்றுகள், அவற்றுக்குள் பத்துப் பாதைகள். ஒவ்வொன்றும் ஒருவழிப் பாதை. ஒன்றில் நுழைந்துவிட்டு இன்னொன்றுக்குத் தாவ முடியாது; வெளியே வந்தால் மீண்டும் உள்ளே விட மாட்டார்கள். நாட்காட்டிகளில் பார்க்கிறோமே, பச்சை மலைமுகட்டின் முன்னால் கல் ஊர் விரிந்து கிடக்கும் காட்சி, அது முதல் இரண்டு சுற்றுகளில்தான் கிடைக்கும். மூன்றாம் சுற்று கீழ்ப்பகுதியோடு முடிந்துவிடும். நல்ல பாதைகள் முதலில் விற்றுப்போக, மிஞ்சுவது பெரும்பாலும் மூன்றாவது. ‘டிக்கெட் உறுதி’ என்று முகவர் பல் தெரியச் சொல்வதும் அநேகமாக அதைத்தான். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அத்தனை தூரம் போய், வாசலில் நின்றபோதுதான் அந்தக் காட்சி தங்கள் பாதையில் இல்லை என்று அறிந்தது. உங்களுக்கு வேண்டியது இரண்டாம் சுற்றின் 2-A பாதை. கிடைக்காவிட்டால் 2-B. அதுவும் இல்லையென்றால் 1-B. பெரு கலாசார அமைச்சகத்தின் இணையதளத்தில் நீங்களோ மகளோ நேரடியாக வாங்கலாம். ஜூலை அங்கே உச்சப் பருவம். 28, 29 தேதிகளில் சுதந்திர தின விடுமுறை வேறு. எனவே மாதக்கணக்கில் முன்னதாக வாங்குங்கள். விமான டிக்கெட்டுக்கும் முன்பாக.

படிவத்தில் பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். நம்மவர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாகக் கிடக்கும். முகவர் தன் இஷ்டத்துக்கு ‘எஸ்’ என்று ஓர் எழுத்தைப் போட்டு நிரப்புவார். விடாதீர்கள். விமானம், ரயில், நுழைவு மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். பாஸ்போர்ட் எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள்.

இணையத்தில் தீர்ந்துபோனால் வேறு வழியே இல்லையா? ஒன்று உண்டு. அதை வைத்துத்தான் குஸ்கோவின் பெரிய சதுக்கத்தில் பலர் பிழைக்கிறார்கள் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். மச்சு பிச்சுவின் அடிவார ஊர் அகுவாஸ் காலியெந்தேஸ். வெந்நீர் என்று பொருள். அங்குள்ள அரசு அலுவலகத்தில் நாளொன்றுக்கு ஆயிரம் டிக்கெட் நேரில் விற்கிறார்கள். முதலில் வரிசையில் நின்று எண் வாங்க வேண்டும். பிறகு உரிய நேரத்தில் திரும்பி வந்து டிக்கெட் வாங்க வேண்டும். கிடைப்பது பொதுவாக மறுநாளுக்கு. எந்தப் பாதை மிச்சமோ அந்தப் பாதை. ஆக, ஓர் இரவு முன்னதாகவே அங்கே இருக்க வேண்டும். கூட்டம் மிகுந்த ஜூலையில் இரண்டு இரவு. திரும்பும் ரயில் டிக்கெட்டிலோ தேதியும் நேரமும் அச்சாகிவிட்டிருக்கும். முதுகுப் பையோடு திரியும் மாணவனுக்கு இது சரிப்படும், உங்களுக்குச் சரிப்படாது. ‘உங்களுக்காக நான் நிற்கிறேன், பாஸ்போர்ட்டைக் கொடுங்கள்’ என்று ஒருவர் வருவார். பாஸ்போர்ட்டை மட்டும் கொடுக்காதீர்கள். அன்னிய நாட்டில் அது போனால் டிக்கெட் போன கவலையே மறந்துவிடும்.

எனக்கு அங்குள்ள ஏற்பாட்டின் மீதே எரிச்சல் உண்டு. ஒரு மலையைப் பார்க்க நுழைவுக்கு ஒரு டிக்கெட், ரயிலுக்கு ஒன்று, மலையேறும் பஸ்ஸுக்கு ஒன்று. மூன்றும் மூன்று பேர் கையில். ஒருவர் நேரம் மற்றவருக்குத் தெரியாது; பொருத்திப் பார்க்கும் வேலை பயணியின் தலையில். 2024 ஜனவரியில் விற்பனையைத் தனியாரிடம் ஒப்படைத்தபோது ஊர்மக்கள் ரயிலை மறித்தார்கள். சுற்றுலாப் பயணிகள் நடுவில் சிக்கிக்கொண்டார்கள். விதி மாறிக்கொண்டே இருக்கிறது. நான் சொல்லும் பாதை எண்களையும் வாங்கும் நாளன்று ஒருமுறை சரிபாருங்கள்.

குஸ்கோவில் அவசரப்படாதீர்கள். கொரிகாஞ்சா என்ற இன்கா சூரியக் கோயிலின் மேல் ஸ்பானியர்கள் தேவாலயம் கட்டினார்கள். 1950 நிலநடுக்கத்தில் தேவாலயத்துக்குப் பலத்த சேதம். அடியில் சாந்து இல்லாமல் பொருத்திய இன்கா கற்சுவர் நின்றது. அந்தச் சுவரருகே அரை மணி நேரம் நில்லுங்கள். நகருக்கு மேலே சக்சைவாமான் கோட்டை. நூறு டன்னுக்கு மேற்பட்ட கற்களும் அங்கே உண்டு. பள்ளத்தாக்கில் ஒயாந்தாய்தம்போவின் படிக்கட்டு மதில்கள், மொராயின் வட்டப் பாத்திகள். இவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரே சுற்றுலாச் சீட்டு உண்டு. கொரிகாஞ்சாவுக்கு அது செல்லாது. லிமாவில் லார்கோ அருங்காட்சியகம் போதும். ஜூலையில் அந்த ஊருக்கு மேல் சாம்பல் நிற மூட்டம்தான், கடற்கரைப் புகைப்படங்களை நம்பாதீர்கள்.

விசா: அமெரிக்க விசா இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாகுமானால் பெரு விசா வேண்டாம். அதற்கென்று முகவர் தனிக் கட்டணம் கேட்டால் எதற்கென்று கேளுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை எந்த முகவரும் சொல்வதில்லை. பெருவை விட்டு ஆறு நாளுக்குள் இந்தியாவில் இறங்கினால், இந்தியக் குடிமகனாக இருந்தாலும் சான்றிதழ் கேட்பார்கள், இல்லையென்றால் தனிமைப்படுத்தலாம். நீங்கள் மகள் வீட்டுக்குத் திரும்புவதால் தப்பிக்கலாம்தான். ஆனால் அவசரமாக ஊர் திரும்ப நேர்ந்தால்? சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட வேண்டும். அறுபது கடந்தவர் என்பதால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.

சைவமா? ‘சின் கார்னே’, அதாவது இறைச்சி இல்லாமல் என்று சொன்னால் கோழி வரக்கூடும். கோழியை அங்கே பலர் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. கோழி, மீன் இரண்டும் வேண்டாம் என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

ஹோட்டலில் கொக்கா இலைத் தேநீர் தருவார்கள். அங்கே அது சட்டப்படி சரி, தாராளமாகக் குடியுங்கள். மகளுக்கு என்று ஒரு பொட்டலம் வாங்கிப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். அமெரிக்காவிலும் இந்தியாவிலும் அது போதைப்பொருள் கணக்கு.