“எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, குழந்தையை ஏன் முன்னதாக எடுக்க வேண்டும்?”

கேள்வி: எனக்கு இது முதல் பிரசவம், 31 வாரம் முடிந்திருக்கிறது. சென்ற வாரப் பரிசோதனையில் ரத்த அழுத்தம் 150/96 என்றும், சிறுநீரில் ‘உப்பு’ இருக்கிறது என்றும் சொல்லி மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். முகமும் கையும் சற்று வீங்கியிருப்பதைத் தவிர எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனாலும், நிலைமை மாறினால் குறைமாதத்திலேயே குழந்தையை எடுக்க நேரிடலாம் என்கிறார் மருத்துவர். மாத்திரையால் பிரஷரைக் குறைத்து, உணவில் உப்பை நிறுத்திவிட்டு, முழு மாதம் வரை காத்திருக்க முடியாதா? நான் ஏதேனும் தவறு செய்துவிட்டேனா?

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் உண்டதாலோ உண்ணாததாலோ, வேலை செய்ததாலோ கவலைப்பட்டதாலோ இது வரவில்லை. கருவுற்ற முதல் சில மாதங்களில், கருப்பைச் சுவரிலுள்ள சுருள் தமனிகள் அகன்று, நஞ்சுக்கொடிக்குத் தாராளமாக ரத்தம் பாயும்படி மாற வேண்டும். சிலருக்கு அந்த மாற்றம் அரைகுறையாக நின்றுவிடுகிறது. போதிய ரத்தம் பெறாத நஞ்சுக்கொடி வெளியிடும் சில புரதங்கள் தாயின் ரத்தத்தில் கலந்து, உடலெங்கும் உள்ள ரத்தக் குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. ரத்த அழுத்தம் ஏறுவது, சிறுநீரகம் புரதத்தைக் கசியவிடுவது, கல்லீரல் பாதிக்கப்படுவது எல்லாம் அதன் விளைவுகளே. 20 வாரத்துக்குப் பிறகு வெளிப்படும் இந்த நிலையைத்தான் ப்ரீ-எக்லாம்ப்சியா என்கிறோம். நூறு கர்ப்பிணிகளில் இரண்டு முதல் எட்டுப் பேருக்கு இது வருகிறது.

உங்கள் சிறுநீரில் இருப்பதாகச் சொன்ன ‘உப்பு’ சமையல் உப்பு அல்ல. அது ஆல்புமின் என்னும் புரதம். பேச்சுவழக்கில் அதை உப்பு என்று சொல்லிப் பழகிவிட்டதால், எத்தனையோ பெண்கள் உப்பில்லாத சாப்பாட்டை விழுங்கிக்கொண்டு அவதிப்படுகிறார்கள். உப்பை நிறுத்துவதால் இந்த நோய் தணிவதில்லை.

மாத்திரையைப் பொறுத்தவரை, லேபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா போன்றவை அழுத்தத்தைக் குறைத்து, மூளையில் ரத்தக்கசிவு ஏற்படாமல் உங்களைக் காக்கின்றன. ஆனால் நோயின் வேர் நஞ்சுக்கொடியில் இருப்பதால், அது வெளியேறும்வரை நோய் உள்ளே நடந்துகொண்டேதான் இருக்கும். உங்களுக்கு எந்தத் தொந்தரவும் தெரியாதபோதே ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையலாம், கல்லீரல் நொதிகள் ஏறலாம், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்னும் கழிவு ரத்தத்தில் கூடலாம். அடிக்கடி ரத்தம் எடுக்கிறார்களே என்று நீங்கள் சலித்துக்கொள்ளக்கூடும். அந்தச் சோதனைகள்தான் உங்கள் உடல் சொல்லாததைச் சொல்கின்றன.

ஆகவே உங்களுக்கு நேரக்கூடிய குறைமாதப் பிரசவம், வலி தானாக வந்து நேரும் விபத்து அன்று. தாய்க்கு ஏறும் ஆபத்தையும் குழந்தைக்குக் கிடைக்கும் ஒவ்வொரு நாளின் பயனையும் எடைபோட்டு எடுக்கும் முடிவு. தீவிர அறிகுறிகள் இல்லையென்றால் 37 வாரம் வரை காத்திருப்பதே வழக்கம். அழுத்தம் 160/110-ஐத் தொட்டாலோ வேறு தீவிர அறிகுறிகள் தோன்றினாலோ, 34 வாரத்தை எட்டியதும் பிரசவம் பார்ப்பார்கள். அதற்கு முன்பு, தாயும் சேயும் நிலையாக இருக்கும்வரை மருத்துவமனையில் வைத்தே நாட்களை நீட்டிப்பார்கள். ஆனால் வலிப்பு, மருந்துக்கு அடங்காத அழுத்தம், நுரையீரலில் நீர்க்கோப்பு, நஞ்சுக்கொடி முன்னதாகப் பிரிதல் ஆகியவற்றில் ஒன்று நேர்ந்தாலும், தாயின் நிலையைச் சீராக்கிய கையோடு குழந்தையை எடுத்தாக வேண்டும். அப்போது வாரக் கணக்கு பார்க்க முடியாது.

அப்படியொரு நாள் நெருங்கினால், குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்காக உங்களுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள்: பீட்டாமெத்தசோன் என்றால் 24 மணி நேர இடைவெளியில் இரண்டு, டெக்சாமெத்தசோன் என்றால் 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு. நியூசிலாந்தில் லிக்கின்ஸ் என்ற மருத்துவர், இம்மருந்து பெற்ற குறைமாத ஆட்டுக்குட்டிகள் எதிர்பாராமல் மூச்சுவிட்டதைக் கண்டு வியந்தார். அவரும் சக மருத்துவர் ஹௌவியும் 1972-இல் வெளியிட்ட ஆய்வுதான் இந்தச் சிகிச்சைக்கு அடித்தளம். பிரசவத்தை இரண்டு நாள் தள்ளிப்போட முடிந்தால்கூட இதன் முழுப் பயன் கிடைத்துவிடும்.

வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் ஏற்றலாம். சுமார் 10,000 பெண்களிடம் நடத்தி 2002-இல் வெளியான ஆய்வில், இம்மருந்து வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கும் கீழாகக் குறைத்தது. மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் அனல் பரவுவதுபோல் இருக்கும், பயப்படாதீர்கள். செவிலியர் அவ்வப்போது வந்து முழங்காலில் தட்டிப் பார்ப்பார், மூச்சை எண்ணுவார், சிறுநீரை அளப்பார். தட்டியதும் கால் உதறினால் மருந்து அளவோடு இருக்கிறது என்று பொருள். மிகவும் முன்னதாகப் பிறக்கும் குழந்தையின் மூளைக்கும் இம்மருந்து ஓரளவு பாதுகாப்புத் தருகிறது.

இந்த வாரங்களில் பிறக்கும் குழந்தைக்கு மூச்சுக்குத் துணையும் கதகதப்பும் தேவைப்படும். உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடுவதை ஒருங்கே செய்யும் திறன் 34 வாரத்தை ஒட்டித்தான் கைகூடும் என்பதால், அதுவரை தாய்ப்பாலைக் குழாய் வழியே கொடுப்பார்கள். நல்ல பச்சிளங்குழந்தைப் பிரிவு உள்ள இடத்தில் இத்தகைய குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவர்கள் பிழைத்து வளர்கிறார்கள். உங்கள் மருத்துவமனையில் அந்த வசதி இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். இல்லையென்றால், குழந்தை வயிற்றில் இருக்கும்போதே இடம் மாறுவது, பிறந்த பின் அதைத் தனியே வண்டியில் அனுப்புவதைவிடப் பல மடங்கு மேல்.

கேள்வி: முதல் குழந்தை இதே காரணத்தால் 33 வாரத்தில் பிறந்தது. இப்போது மீண்டும் 9 வாரக் கர்ப்பம். இம்முறை முழு ஓய்வில் இருந்தால் தடுக்கலாமா?

பதில்: படுத்தே இருப்பதால் இதைத் தடுக்க முடியாது, காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். தடுக்கும் ஆற்றல் உள்ளது குறைந்த அளவு ஆஸ்பிரின். அதை 12 வாரத்தை ஒட்டி, எப்படியும் 16 வாரத்துக்கு முன் தொடங்க வேண்டும். 2017-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், இரவில் 150 மில்லிகிராம் எடுத்துக்கொண்ட, ஆபத்து மிகுந்த பெண்களிடம் 37 வாரத்துக்கு முன் பிரசவத்தில் முடியும் ப்ரீ-எக்லாம்ப்சியா ஏறத்தாழ அறுபது சதவீதம் குறைந்தது. நீங்கள் சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள்; ஆனால் மருந்தையும் அளவையும் உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். உணவில் சுண்ணாம்புச் சத்து குறைவென்றால் கால்சியம் மாத்திரையும் உதவும்.

கேள்வி: என் தங்கைக்குப் பிரசவமாகி ஐந்து நாள் ஆகிறது. கர்ப்பத்தில் பிரஷர் இருந்ததில்லை. நேற்றிலிருந்து விடாத தலைவலி. வீட்டுக் கருவியில் 156/102 காட்டுகிறது. தூக்கமின்மையால் இருக்குமா?

பதில்: இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு காத்திருக்கும் நேரம் இது அன்று. நஞ்சுக்கொடி வெளியேறிய பிறகும் ஆறு வாரம் வரை இந்நோய் தலைகாட்டக்கூடும். கர்ப்பத்தில் அழுத்தம் சீராக இருந்தவர்களுக்கும் வரும். இதைப் படித்ததும் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, பிரசவமாகி எத்தனை நாள் என்பதை நுழைவாயிலிலேயே சொல்லுங்கள். கண்ணில் மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்தாலோ, வலது விலாவுக்குக் கீழே வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.