நொதிகள், ஏடிபி, கரையும் கொழுப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நொதிகள்தான் (என்சைம்கள்) உடலின் வேதிவினைக்கு ஆற்றல் தருகின்றனவா?

இல்லை. வினை தொடங்கத் தேவைப்படும் கிளர்வு ஆற்றலைக் குறைப்பதோடு அவற்றின் வேலை முடிந்தது. வினை கடைசியில் எந்த அளவில் போய் நிற்கும் என்ற சமநிலையை இம்மியும் நகர்த்தாது. ஆனால் வேகம் அசாத்தியம்! கார்பன் டை ஆக்சைடை நீரோடு சேர்க்கும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ், விநாடிக்குச் சுமார் 10 லட்சம் மூலக்கூறுகளை மாற்றித் தள்ளுகிறது.

ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு எரிந்தால் 38 ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் வழங்கும் மூலக்கூறு) கிடைக்கும் என்று படித்தேன். மகளின் புத்தகத்தில் 30-32 என்கிறார்கள். எது சரி?

மகளின் புத்தகம்தான். அந்தக் காலத்தில் குளுக்கோஸிலிருந்து எலக்ட்ரான்களைச் சுமந்து வரும் மூலக்கூறுகளில் ஒரு என்ஏடிஎச்சுக்கு 3 ஏடிபி, ஒரு எப்ஏடிஎச்2வுக்கு 2 ஏடிபி என்று முழு எண்ணாகக் கணக்குப் போட்டார்கள். செல்லுக்குள் நடப்பது வேறு. எலக்ட்ரான்கள் கைமாறும்போது, செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வுக்கு வெளியே புரோட்டான்கள் தேங்குகின்றன. அவை ஏடிபி சிந்தேஸ் என்ற சுழலும் நொதி வழியே திரும்பப் பாயும்போதுதான் ஏடிபி உருவாகிறது. 1961இல் பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் இதை முன்வைத்தபோது எதிர்ப்புதான் அதிகம். 1978இல் நோபல் பரிசே கிடைத்தது. புரோட்டான்களில் ஒரு பங்கு பாஸ்பேட்டை உள்ளே கொண்டுவரவே செலவாகிவிடும்.  எனவே 3 என்பது 2.5 ஆகவும், 2 என்பது 1.5 ஆகவும் இறங்கின. உங்கள் 38இல் பிழை, இந்தப் புரோட்டான் கணக்கைச் சேர்க்காததில்தான்.

உடற்பயிற்சிக்கு மறுநாள் வரும் வலிக்கு லாக்டிக் அமிலம்தானே காரணம்?

பாவம், அதன்மேல் வீண்பழி. பயிற்சி முடிந்து ஓரிரு மணி நேரத்துக்குள் லாக்டேட் (உடலில் லாக்டிக் அமிலம் இருக்கும் வடிவம்) அளவு இயல்புக்குத் திரும்பிவிடும். இதயத் தசை அதை எரிபொருளாக்குகிறது, கல்லீரல் அதிலிருந்து மீண்டும் குளுக்கோஸ் செய்கிறது. மறுநாள் வலி, தசை இழைகளில் ஏற்பட்ட நுண்ணிய சேதத்தால் வருவது.

என்சைம் மாத்திரை சாப்பிட்டால் சுறுசுறுப்பு கூடுமா?

கூடாது. பெரும்பாலான நொதிகள் புரதங்கள். மற்றப் புரதங்களைப் போலவே செரித்துவிடும், செல்லுக்குள் போய்ச் சேராது. கணையம் சரியாக இயங்காதவர்களுக்கு மருத்துவர் தருவது வேறு. அது குடலிலேயே உணவைச் செரிக்க வைப்பதற்கு.

எடை குறையும்போது கொழுப்பு எங்கே போகிறது?

பெரும்பகுதி மூச்சில்! 10 கிலோ கொழுப்பு எரிந்தால் அதில் சுமார் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக வெளியேறும், மிச்சம் நீராகும். அப்படியானால் வேகவேகமாக மூச்சு விட்டு மெலியலாமே என்று அடுத்த கடிதம் எழுத வேண்டாம். எவ்வளவு எரிய வேண்டும் என்பதைச் செல்லின் ஏடிபி தேவைதான் தீர்மானிக்கிறது. வெறுமனே மூச்சு வாங்கினால் தலைதான் சுற்றும்.